களப்பில் நின்ற சிவப்புத் தடிகள்

வான் வண்டியின் நடு இருக்கையில் கமலாசனி அமர்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் அவளுடைய கைப்பை இருந்தது. அந்த இடம் தனக்காகவே காக்கப்படுகிறது என்று நம்பிய தேனுகா, ஏறியவுடன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளக் கை நீட்டினாள்.

"தேனு, கொஞ்சம் பொறு," என்றாள் கமலாசனி. "நஃப்லா கரடிப்போக்குச் சந்தியிலை ஏறுவா. பின்னுக்கு இருந்தால் அவாவுக்குத் தலைசுத்திச் சத்தி வருமாம். நீ பின்னுக்கு இருக்கிறியே?"

"அதுக்கென்ன, தாராளமாய்," என்று சொல்லித் தேனுகா புன்னகை செய்தாள். பிறகு பின்னிருக்கைக்குச் சென்று, தொலைநோக்கிப் பெட்டிக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நடுவே தன்னை ஒடுக்கிக்கொண்டாள்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க டீச்சரம்மா," என்று சாரதி ராசு கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். "பூநகரி ரோட்டுல பின்சீட்டுல இருந்தா ஒடம்புல எத்தனை எலும்புன்னு எண்ணிடலாம்."

முன்னிருக்கையில் இருந்த கனகலிங்கம் ஐயா உரக்கச் சிரித்தார். தேனுகாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் காரணம் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தேனுகாவும் கமலாசனியும் உருத்திரபுரத்தில் ஒரே பாடசாலையில் கற்பிப்பவர்கள், ஒரே வயதினர். தேனுகா கணிதம், கமலாசனி விஞ்ஞானம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆசிரியர் பயிற்சியின் இறுதி நாளில் இருவரையும் இரணைமடுக் குளத்துக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார்கள். மற்ற ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இருவர் மட்டும் குளத்தை விட்டு வர மறுத்தார்கள். அன்று தொடங்கிய பழக்கம், வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் சனிக்கிழமை தோறும் தொடர்ந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கனகலிங்கம் ஐயா பின்னர் சேர்ந்தார். வானும் வயலும் வைத்திருந்த ராசு, முதலில் வாடகைக்கு வந்து, பிறகு ஆசைக்கு வந்தார்.

பைனாகுலர்கள் இருந்தாலும், தாங்கியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி இவர்களிடம் ஒன்றே ஒன்று. அதனால் ஆரம்பத்தில் சிறு மனக்கசப்புகள் எழுந்தன. ஒருவர் கண்ணை எடுப்பதற்குள் பறவை பறந்துவிடும். அடுத்தவர் முகம் கறுத்துவிடும். அதற்குத் தீர்வு கண்டவர் கனகலிங்கம் ஐயாதான்.

"வாய்க்கால் துருசுக் கதவைத் திறக்கிறவன் தன்ரை வயலுக்கு முதல் தண்ணி விடக்கூடாது. அதுதான் எங்கடை சட்டம்," என்றார் அவர். "இஞ்சையும் அதே சட்டம். பறவையைக் கண்டவர் தொலைநோக்கியைச் சரியாய் நிப்பாட்டிப்போட்டு விலக வேணும். விலகி, விரும்பின ஒராளைக் கூப்பிட வேணும். அவருக்குத்தான் முதற்பார்வை. கண்டவருக்கு அதுக்குப் பிறகுதான்."

சட்டம் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. பறவை வெருளாதிருக்கக் குரல் கொடுப்பதில்லை. கண்டவர் கையை உயர்த்தி, அழைக்க விரும்புபவரை நோக்கி விரல்களை மடக்குவார். கமலாசனியின் கண் மிகக் கூர்மையானது. அதிகமாகக் காண்பவள் அவளே. அவள் கை உயரும்போது விரல்கள் எப்போதும் தேனுகாவை நோக்கியே மடங்கின. அது பற்றி அவர்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. கணவர் வெளிநாட்டில், பிள்ளை விடுதியில், தனியாக ஒரு வீடு என்றிருந்த தேனுகாவுக்கு, வாரத்தில் ஒருமுறை ஒருவர் ஆயிரம் பேர் நடுவிலும் தன்னைத் தேர்ந்தெடுப்பது போன்ற அந்த விரலசைவு, வெளியே சொல்லக் கூச்சமான ஒரு செல்வமாக இருந்தது.

கடந்த கார்த்திகையில் நஃப்லா வந்து சேர்ந்தாள். கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். அவளுடைய குடும்பம் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் புத்தளத்தில்தான். முப்பதைத் தாண்டாத வயது. எதைக் கண்டாலும் வியந்தாள். சாதாரணக் கொக்கைக் கண்டும், "அல்லாஹ், என்ன வடிவு!" என்று வாயில் கை வைத்தாள். அந்த வியப்பைத்தான் தேனுகாவால் மன்னிக்க முடியவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் கமலாசனியின் விரல்கள் நஃப்லாவை நோக்கி மடங்கின. புதியவருக்குச் செய்யும் உபசாரம் என்று தேனுகா எண்ணினாள். அப்படி எண்ணியதற்காகத் தன் பெருந்தன்மையையும் சற்றே மெச்சிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்ததும். இப்போது பங்குனி. தை முதல் தேனுகா கண்ட நல்ல பறவைகள் எல்லாவற்றையும் இரண்டாவதாக, இன்னொருவருடைய மூச்சின் ஈரம் காயாத கண்ணாடியின் வழியாகவே கண்டிருந்தாள்.

கரடிப்போக்குச் சந்தியில் நஃப்லா ஏறினாள். கையில் ஒரு பார்சல். "டீச்சர், உங்களை அங்கால தள்ளிட்டேனா?" என்று பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"சீச்சீ, எனக்குப் பின்னுக்கு இருக்கத்தான் விருப்பம்," என்றாள் தேனுகா. "காத்து நல்லாய் வரும்."

பின்னிருக்கையின் கண்ணாடி திறக்காது என்பது ராசுவுக்குத் தெரியும். அவர் வானைக் கிளப்பினார்.

பூநகரிக்கு அப்பால், உவர்நீர் வயலுக்குள் புகாதபடி கட்டிய மண்ணணையின் அருகே வானை நிறுத்தினார்கள். அணைக்கு இந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயல். அந்தப் பக்கம் கடல்நீர் தேங்கும் களப்பு. மழையின்றி நீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. அணையின் அடியிலிருந்து நீரின் விளிம்பு வரை உப்புப் பொருக்குப் படிந்த சேற்றுவெளி வெள்ளையாகக் கிடந்தது. ஆங்காங்கே கண்டல் புதர்கள். விளிம்பில் பூநாரைகளின் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று வெயிலில் நடுங்கியது.

காலைச் சாப்பாட்டுக்காகப் பார்சல்கள் திறக்கப்பட்டன. தேனுகா விடியும் முன் எழுந்து மரக்கறி ரொட்டி செய்து வந்திருந்தாள். சனிக்கிழமைகளில் கமலாசனி மச்ச மாமிசம் உண்ணமாட்டாள் என்பதைத் தன்னைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்பது அவளது எண்ணம். நஃப்லாவின் பார்சலைத் திறந்தபோது அதற்குள்ளும் மரக்கறி ரொட்டியே இருந்தது.

"கமலாசனி டீச்சர் சனிக்கிழமை சைவம் எண்டு போன கிழமை சொன்னாங்க," என்றாள் நஃப்லா. "புதுச் சட்டியில, புது எண்ணெயில செஞ்சனான். தயங்காம எடுங்க."

கமலாசனி நெகிழ்ந்துபோனாள். "ஐயோ பிள்ளை, எனக்காகப் புதுச் சட்டி வாங்கினியோ?" என்று நஃப்லாவின் பார்சலிலிருந்து ஒன்றை எடுத்தாள். கடித்துவிட்டு, "தேனு, இதைச் சாப்பிட்டுப் பாரன். மிளகு போட்டிருக்கிறா," என்றாள்.

தேனுகா சாப்பிட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுவே பெரிய குறை.

"மெத்த நல்லாயிருக்கு நஃப்லா," என்றாள். "எனக்கு இப்பிடிச் செய்ய வராது."

"இரண்டு பகுதியும் சண்டை பிடிக்காமல் எனக்குத் தாங்கோ," என்று கனகலிங்கம் ஐயா இரண்டு பார்சல்களையும் தன் பக்கம் இழுத்தார். "நடுநிலைமை எண்டால் என்னெண்டு காட்டிறன்."

"ஐயாவோட நடுநிலைமை வயித்துல தெரியுதே," என்றார் ராசு.

எல்லோரும் சிரிக்கையில் தேனுகா எழுந்தாள். சற்று நடந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். கமலாசனி, "தூரம் போகாதை," என்றாள். ஆனால் நிமிர்ந்து பார்க்காமல், ரொட்டியைப் பிய்த்தவாறே சொன்னாள்.

அணையின் மேல் நடந்து ஒரு கண்டல் புதரைத் தாண்டியதும் தேனுகாவின் கால்கள் தாமாக நின்றன. கீழே சேற்றுவெளியில், வரிசையாக, இடுப்பளவு உயரத் தடிகள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நிறம்.

வன்னியில் வாழ்பவர்களுக்கு அந்தச் சிவப்பை விளக்கத் தேவையில்லை. மிதிவெடி அகற்றுபவர்கள் நட்டுவைக்கும் தடி அது. அதற்கு அப்பால் நிலம் இன்னும் சுத்தமாகவில்லை என்று பொருள். போருக்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் குழந்தைகள் எழுத்துக்கு முன்பாக அதைப் படித்தார்கள். தேனுகா மரமாக நின்றாள். அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மீன்பெட்டி கட்டியிருந்தது.

"அண்ணை, உது என்ன குச்சியள்?" என்று கேட்டாள்.

"பயந்திட்டியளோ தங்கச்சி?" என்று அவர் சிரித்தார். "எங்கடை சிறகுவலைத் தடியள். தண்ணி வத்தினதிலை வலையைக் கழட்டிப்போட்டம், தடி நிக்குது. இருட்டுக்கை வள்ளக்காரர் மோதாமல் இருக்கவெண்டு தலையிலை சிவப்புப் பூசினது. உதுக்குள்ளை தானே நாங்கள் நாள் முழுக்க நடக்கிறம்."

அவர் சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போய்விட்டார். தேனுகாவுக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கமலாசனிக்குச் சொல்ல வேண்டும், தான் மரமாக நின்றதை நடித்துக் காட்ட வேண்டும் என்று விரைந்து திரும்பினாள்.

திரும்பி வந்தபோது கமலாசனி தன் தொப்பியைக் கழற்றி நஃப்லாவின் தலையில் வைத்து, காதோரம் நாடாவைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நீலத் தொப்பியைத் தேனுகா ஒருமுறை இரவல் கேட்டபோது, "அளவு பிழைச்சுப் போகும்" என்று சொல்லிச் சிரித்து மறுத்தவள் அவள். தேனுகா சொல்ல வந்த கதை தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"எங்கை போனனி?" என்று கமலாசனி கேட்டாள்.

"சும்மா," என்றாள் தேனுகா.

அதன் பிறகே கமலாசனி அதைக் கண்டாள். பைனாகுலரை இறக்கி, மறுபடி உயர்த்தி, எவருக்கும் எதுவும் சொல்லாமல் தொலைநோக்கியையும் தாங்கியையும் தோளில் போட்டுக்கொண்டு அணையை விட்டு இறங்கினாள். அவள் அப்படி வாய் திறவாமல் இறங்கினால் காரியம் பெரிது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நண்டுண்ணியாய் இருக்குமோ?" என்று கனகலிங்கம் ஐயா கிசுகிசுத்தார். தடித்த கறுப்பு அலகால் நண்டுகளை உடைத்துத் தின்னும் அந்த வெள்ளைப் பறவையை இவர்களில் எவரும் அதுவரை கண்டதில்லை. தேடி மன்னார் வரை போய் வெறுங்கையுடன் திரும்பியிருந்தார்கள்.

கமலாசனி உப்புப் பொருக்கின் மேல் வெகுதூரம் நடந்தாள். முதற்பகுதி காய்ந்து இறுகிய தரை. அதற்கு அப்பால் ஈரம். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கண்டல் புதரின் ஓரமாகச் சென்று, தாங்கியை ஊன்றி, குனிந்து சரிசெய்தாள். பிறகு விலகினாள். கை உயர்ந்தது.

தேனுகா அறியாமலே ஓரடி முன்வைத்தாள். நண்டுண்ணி என்றால், மன்னார் வெயிலில் இருவரும் ஒரு குடையின் கீழ் காத்திருந்த பறவை என்றால், அந்த அழைப்பு வேறு எவருக்கும் போக முடியாது.

விரல்கள் நஃப்லாவை நோக்கி மடங்கின.

"நானா?" என்று நஃப்லா மகிழ்ச்சியில் தன் மார்பைத் தொட்டுக் கேட்டாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அணையின் சரிவில் இறங்கத் தொடங்கினாள். நீலத் தொப்பி துள்ளியது.

"நஃப்லா, நில்லுங்கோ!" என்றாள் தேனுகா. "அங்கை குச்சி நிக்குது. சிவப்புக் குச்சி!"

குரல் அவள் எண்ணியதைவிட உரக்க வந்துவிட்டது. அவள் வேண்டியதெல்லாம் நஃப்லா திரும்பி மேலே வர வேண்டும் என்பதே. கமலாசனியும் வந்த வழியே வந்துவிடுவாள், அந்தப் பறவையை இன்று எவருமே பார்க்காமல் போவார்கள், அவ்வளவுதான் என்று அவளுடைய மனம் ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்திருந்தது.

கனகலிங்கம் ஐயா பாய்ந்து நஃப்லாவின் கையைப் பிடித்து மேலே இழுத்தார். அவர் கையிலிருந்த தேநீர் சரிவில் கொட்டியது. களப்பில் கமலாசனி தலையைத் திருப்பினாள். வலப்பக்கம் பார்த்தாள். புதருக்குப் பின்னால் வளைந்து சென்ற தடிகளின் வரிசையை அப்போதுதான் கண்டாள். அவ்வரிசை அவளுக்கு முன்னாலும் வளைந்திருந்தது. இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, தாங்கியை இறுகப் பற்றி, அப்படியே நின்றுவிட்டாள்.

"அசையாதை பிள்ளை!" என்று ஐயா கத்தினார். "நிண்ட இடத்திலை நில்! ராசு, ஓடு, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா!"

"பொலிசுக்கே போறேங்க," என்று ராசு வானை நோக்கி ஓடினார். தேனுகா வாய் திறப்பதற்குள் வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

கமலாசனி வந்த வழியே திரும்பவில்லை. அவளால் திரும்ப முடியாது என்பதைத் தேனுகா இப்போது உணர்ந்தாள். மீள்குடியேறிய முதல் வருடம், விறகு பொறுக்கப் போன இடத்தில் கமலாசனியின் தம்பி வினோதன் மிதிவெடியில் ஒரு காலை இழந்தான். இரண்டடி முன்னால் போனவன் அவன். பின்னால் போனவள் அவள். உதவி வரும் வரை, இரத்தத்தில் கிடந்த தம்பிக்கும் தனக்கும் இடையிலிருந்த அந்தச் சிறு மண்ணைத் தாண்டத் துணியாமல் நின்றதை, ஒரு மழை நாளில் ஆசிரியர் ஓய்வறையில் வைத்துத் தேனுகாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஐயா," என்றாள் தேனுகா. "குறை நினைக்காதேங்கோ. அது சிலவேளை மீன்காரரின்ரை வலைத் தடியாயும் இருக்கலாம்."

"சிலவேளையோ?" என்று அவர் திரும்பினார். அவர் கண்களில் அவள் ஒருபோதும் காணாத கோபம். "சிலவேளை எண்டு போய்த்தானே எத்தினை பேர் காலை விட்டவை!"

தூரத்தில் கமலாசனியின் உடல் ஆடத் தொடங்கியது. தாங்கியும் சேர்ந்து ஆடியது.

"அவங்க விழுந்துடுவாங்க," என்றாள் நஃப்லா. "ஐயா, அவங்க மயங்கப் போறாங்க. பாருங்க." கடையில் நாள்தோறும் நோயாளிகளைப் பார்க்கும் கண் அது. ஐயாவின் பிடி தளர்ந்த ஒரு கணத்தில் அவள் கையை உருவிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். "பிஸ்மில்லாஹ்," என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

"விசர் வேலை பாக்காதை பிள்ளை! வா மேலை!"

"அவங்க போன அடியில போறேன் ஐயா," என்றாள் நஃப்லா. அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் நடந்தாள்.

அவள் ஒவ்வொரு அடியையும் தரையைக் குனிந்து பார்த்து வைத்தாள். காலைத் தூக்குவாள்; பாதம் காற்றில் நடுங்கும்; பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊன்றுவாள். அணையின் மேல் நின்று தேனுகா அதைப் பார்த்தாள். அவளுடைய உள்ளத்தில் எழுந்தது இரக்கம் மட்டுமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நடை தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற எரிச்சலும் கூடவே எழுந்தது. கமலாசனிக்காகச் சாவை நோக்கி நடப்பவள் என்ற பெயர் இன்று இவளுக்குப் போகிறதே என்று, அங்கே இல்லாத ஒரு சாவின் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது.

இறுகிய தரையின் நடுவே நஃப்லா நின்றுவிட்டாள். உப்புப் பொருக்கில் கமலாசனியின் காலடி பதிந்திருக்கவில்லை. முன்னால் எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை; பின்னால் எங்கே வைத்தாள் என்றும் தெரியவில்லை. ஒற்றைக் காலை ஊன்றி, மற்றதை எங்கும் வைக்க இடமின்றித் தூக்கியபடி நின்றாள்.

"நஃப்லா! கமலா!" என்று தேனுகா கத்தினாள். "அது வலைத் தடிதான்! மீன்காரர் சொன்னவர்! நான் கேட்டனான்! ஒண்டுமில்லை, நடந்து வாங்கோ!"

இருவரும் அசையவில்லை. தைரியம் ஊட்டச் சொல்கிறாள் என்றே கொண்டார்கள். ஐயாவும் அப்படியே எண்ணி, "பாவம், நீர் அவையைக் குழப்பாதையும்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த நிலத்தில் 'இருக்கிறது' என்ற சொல்லை யார் சொன்னாலும் நம்புவார்கள். 'இல்லை' என்ற சொல்லை நம்ப வைக்க வாய் போதாது.

தேனுகா அணையை விட்டு இறங்கினாள்.

குறுக்கே நடந்தாள். எவருடைய அடியையும் தேடவில்லை. நஃப்லாவுக்குச் சற்றுத் தள்ளிக் கடந்து, ஈரத்துக்குள் கால் புதையப் புதைய, தடிகளின் வரிசையை நோக்கி நேராகப் போனாள்.

"தேனு!" என்று கமலாசனி அலறினாள். "தேனு, நில்லடி! என்ரை அம்மாவாணை, வராதை! தேனு!"

அந்த அலறலில் களப்பின் விளிம்பிலிருந்த பூநாரைகள் யாவும் எழுந்தன. கமலாசனியின் கண்கள் விரிந்து, வேறெதையும் காணாமல், தேனுகாவின் பாதங்களையே பார்த்தன. இப்பருவம் முழுவதும் தேனுகா ஏங்கிக் காத்திருந்த பார்வை அது. இப்போது அது முழுமையாக, பங்கின்றி, அவளுக்கே கிடைத்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள் என்று சொல்ல வேண்டியிருப்பது வருந்தத்தக்கது. ஓரிரு அடிகளை, தேவையின்றி, மெதுவாக வைத்தாள்.

பிறகு முதல் தடியை இரண்டு கைகளாலும் பிடித்துப் பிடுங்கினாள். அதை ஏந்திக்கொண்டு கமலாசனியிடம் போனாள். தடியின் அடியில் சிப்பி ஒட்டியிருந்தது. நடுவில் அறுந்த வலை நூல் சுற்றியிருந்தது.

"பார்," என்றாள் தேனுகா. "வலைத் தடி. சிவப்பு வள்ளக்காரருக்காம்."

கமலாசனி நூலைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே சேற்றில் அமர்ந்துவிட்டாள். தேனுகா அருகில் குனிந்தபோது, அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள்.

"விசரி," என்றாள் அழுகையும் சிரிப்புமாக. "வெடிச்சிருந்தால்? உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மீன்காரரைக் கேட்டனான்."

"எப்ப?"

தேனுகாவின் நாக்கின் நுனி வரை பொய் ஒன்று வந்தது. ஆனால் அந்த மனிதர் சைக்கிளில் போய் வெகுநேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு அணையில் எவரும் வரவில்லை என்பதைக் கமலாசனியும் அறிவாள்.

"சாப்பிடேக்கை," என்றாள். "நடக்கப் போனபோது."

கமலாசனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையின் பிடி தளர்ந்தது. சட்டென்று உதறவில்லை; ஒவ்வொரு விரலாக விடுபட்டது.

"அப்ப, நீ கத்தேக்கை உனக்குத் தெரியும்."

"நஃப்லாவைத்தான்..." என்று தேனுகா தொடங்கினாள். "உன்னை இல்லை, கமலா. சத்தியமாய் உன்னை இல்லை."

"அந்தப் பிள்ளைக்கு என்ரை கதை ஒண்டும் தெரியாது," என்றாள் கமலாசனி. "தெரியாமல் இறங்கி வந்தது. உனக்கு எல்லாம் தெரியும்."

கமலாசனி தாங்கியை ஊன்றி எழுந்தாள். சேலையின் சேற்றைத் தட்டவில்லை.

காற்று எதிர்த்திசையில் வீசியதால் நஃப்லாவுக்கு இந்தப் பேச்சு கேட்டிருக்கவில்லை. அவள் இன்னமும் பொருக்கின் நடுவே, தூக்கிய காலின் விரல்நுனியை மட்டும் தரையில் தொட்டு நின்றாள். தேனுகா தடியோடு அவளை நோக்கிப் போனாள்.

"டீச்சர், நீங்க வராதீங்க!" என்று நஃப்லா கை காட்டித் தடுத்தாள். "நான் எப்படியாவது வந்துடுவேன்! நீங்க அங்கேயே நில்லுங்க!"

"காலை வையுங்கோ நஃப்லா. ஒண்டுமில்லை. பாருங்கோ, வலைத் தடி."

நஃப்லா தடியைப் பார்த்தாள். சேற்றில் தாறுமாறாகப் பதிந்து கிடந்த தேனுகாவின் காலடிகளைப் பார்த்தாள். காலை ஊன்றினாள். அடுத்த கணம் தேனுகாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "உங்களுக்கு எவ்வளவு தைரியம் டீச்சர்! எனக்கு மூச்சே நிண்டுட்டு!"

அவளுடைய தலையிலிருந்த தொப்பியின் விளிம்பு தேனுகாவின் கன்னத்தில் உரசியது. அதில் கமலாசனியின் எண்ணெய் வாசனை இருந்தது.

"எனக்கு முதலே தெரியும் நஃப்லா," என்றாள் தேனுகா. "உங்களை நிப்பாட்டத்தான் அப்பிடிச் சொன்னனான். கமலா உங்களைக் கூப்பிட்டதாலை."

நஃப்லாவுக்கு உடனே விளங்கவில்லை. கைகளை எடுத்து, ஓரடி பின்னால் நகர்ந்து, முகத்தைப் பார்த்தாள். "பறவை பாக்கவா?" என்று கேட்டாள். "ஒரு பறவை பாக்கவா டீச்சர்?"

தேனுகா தலையசைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய முறையான சொற்கள் அனைத்தும் அவளுக்குத் தெரியும்; ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

கமலாசனி அவர்களைக் கடந்து போனாள். நிலம் சுத்தமானது என்று இப்போது அறிந்தும், ஒவ்வோர் அடியையும் பார்த்தே வைத்தாள். நஃப்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் விரைந்தாள். "டீச்சர், தொலைநோக்கியைத் தாங்க, நான் தூக்குறேன்," என்று கேட்டாள். கமலாசனி கொடுக்கவில்லை. நஃப்லாவின் நீட்டிய கையையும் பிடிக்கவில்லை. தனியாகவே அணையின் சரிவில் ஏறினாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த தேனுகாவின் நெஞ்சு சற்றே ஆறியது. அந்த ஆறுதலை அவள் உடனே இனங்கண்டுகொண்டாள். முகம் சுட்டது. ஆனாலும் ஆறுதல் போகவில்லை.

வயல்களுக்கு அப்பால் புழுதி எழுந்தது. ராசு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். அணையில் நின்ற கனகலிங்கம் ஐயா கமலாசனியிடம் ஏதோ கேட்டார். அவள் களப்பில் நின்ற தேனுகாவின் பக்கம் தலையைத் திருப்பிக்காட்டினாள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தேனுகா நடக்கத் தொடங்கினாள்.